கொட்டாவி வந்தாலும் சொல்லவும்

என் இதயத்தின் வலப்பக்கக் குழாயில் தொண்ணூறு விழுக்காடு அடைப்பு இருப்பதாக டாக்டர் ரூபேந்திரன் சொன்னபோது, நான் அவருக்கு நன்றி கூறினேன். என் மனைவி டோரிஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். அடைப்புக்கு எதற்கு நன்றி என்று பிறகு காரில் கேட்டாள். அவ்வளவு பொறுமையாகப் படம் வரைந்து விளக்கினாரே, அதற்காக என்றேன். அவள் மாசாயில் எங்கள் வீட்டு வாசல் வரும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவள் கோபம் நியாயமானது. நான்கு மாதங்களாக எனக்கு நெஞ்சில் வலி வந்து போய்க்கொண்டிருந்தது. அதை நான் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அதனால்தான் செய்தி வெளியே வந்தது.

நான் பாசிர் கூடாங்கில் உள்ள ஒரு பெட்ரோ ரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ஆறு திரைகளின் முன் அமர்ந்து, உலைகளின் வெப்பத்தையும் குழாய்களின் அழுத்தத்தையும் கோடுகளாகப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. ஏதேனும் ஒரு கோடு தன் எல்லையைத் தாண்டினால் அலாரம் ஒலிக்கும். ஒலித்தவுடன் நாங்கள் செய்யும் முதல் காரியம் அதன் வாயை அடைப்பதுதான். அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் சத்தம் நின்றுவிடும். சிவப்பு விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். பிறகு கோட்டைப் பார்த்தபடி காத்திருப்போம். பத்தில் எட்டு தானாகவே அடங்கிவிடும்.

பணியில் சேர்ந்த புதிதில் நான் ஒருமுறை காத்திருக்கத் தவறினேன். ஓர் உலையின் வெப்பம் திடீரென்று ஏறுவதாகத் திரை காட்டியது. பயந்துபோய் அவசர நிறுத்தத்தை அழுத்திவிட்டேன். ஆலை முழுவதும் நின்றது. உண்மையில் வெப்பம் ஏறவே இல்லை. அளந்து காட்டும் கருவிதான் பழுதாகியிருந்தது. மறுபடி எல்லாவற்றையும் ஓட விட இரண்டு நாட்கள் ஆயின. என்னை யாரும் தண்டிக்கவில்லை. ஆனால் ஆலை அப்படி நின்றுபோவதை எங்கள் இடத்தில் டிரிப் என்பார்கள். அன்று முதல் என் பெயர் டிரிப் கிரகோரி ஆயிற்று. இன்றும் நான் சுவரோரம் கையை நீட்டினால், எங்கள் ஷிஃப்டின் தலைவர் தங்கராஜு, "மெதுவா டிரிப்பு, அது லைட்டு சுவிட்சுதான் லா," என்பார். அவர் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை.

ஆகவே நெஞ்சில் வலி வந்தபோது எனக்குத் தெரிந்ததையே செய்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாள் குறித்தார்கள். முழு மயக்கம் தரமாட்டார்கள் என்றும், மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் குழாய்க்குள் சிறு பலூனை ஊதி வழியை விரிப்பார்கள் என்றும், அந்நேரத்தில் நோயாளி உணர்வதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் டாக்டர் முன்பே கூறியிருந்தார். நோயாளியின் வாய்தான் தனக்குப் பாதி கண் என்றார் அவர். அந்த வாக்கியத்தைக் கேட்டதிலிருந்து டோரிஸுக்குத் தூக்கம் இல்லை.

வார்டில் பச்சை அங்கியின் நாடாவை என் முதுகில் கட்டிவிட்டபடி அவள் சொன்னாள்:

"அங்க போய்ப் படுத்துக்கிட்டு நல்ல பிள்ளையா இருக்காதீங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"நாலு மாசமா எங்கிட்டயே சொல்லாத ஆளு. மொகம் தெரியாதவங்ககிட்ட சொல்லிடுவீங்களாக்கும்."

நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டாள். நான் சொல்லாமல் இருந்தால் திரும்பி வரமாட்டேன் என்று அவள் நம்பினாள். அதை அவள் சொல்லவில்லை. முடிச்சின் இறுக்கத்தில் எனக்குத் தெரிந்தது.

சிகிச்சை அறைக்கு முன்னால் இருந்த சிறிய அறையில் பிரவீனா என்ற பெண் எனக்காகக் காத்திருந்தார். இதயப் பிரிவின் தொழில்நுட்பர். இருபத்தெட்டு வயது இருக்கலாம். டாக்டர் ஓர் ஆய்வு நடத்துவதாகவும், விருப்பம் இருந்தால் நானும் அதில் சேரலாம் என்றும் கூறினார். மறுப்பது மரியாதையாகாது என்று நான் உடனே கையொப்பமிட்டேன். தீப்பெட்டி அளவிலான ஒரு கருவியை என் மார்பில் ஒட்டினார். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அது ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுமாம். நல்ல இதயத்தில் அந்த இடைவெளிகள் ஒன்றுபோல் இரா என்றும், மூச்சை இழுக்கும்போது சற்றுக் குறுகி, விடும்போது சற்று நீளும் என்றும் விளக்கினார். இதயத்தை முடுக்கிவிடும் நரம்பு ஒன்று, அடக்கிப் பிடிக்கும் நரம்பு ஒன்று. இரண்டும் ஓயாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பதால் உண்டாகும் அசைவு அது. பலூன் ஊதும்போது அந்த இழுபறி எப்படி மாறுகிறது என்பதுதான் ஆய்வு.

முதலில் பத்து நிமிடம் சும்மா படுத்திருக்கச் சொன்னார். படுத்திருந்தேன். ஏழெட்டு நிமிடம் கழித்துத் தம் கையிலிருந்த திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"அங்கிள், என்ன பண்றீங்க?"

ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

"ரொம்ப நேரா இருக்கே. ரூலர் வெச்சுக் கோடு போட்ட மாதிரி."

எனக்குப் பெருமையாக இருந்தது. நேராக இருப்பது நல்லதில்லை, அப்படித் துடிக்கும் இதயம் களைத்துப்போன இதயம் என்று அவர் சொன்னதும் பெருமை கலைந்தது. அந்தக் கணமே எனக்குப் புரிந்தும் விட்டது. எங்கள் திரையில் ஒரு கோடு அசையாமல் நேராகப் போனால் நாங்கள் மகிழமாட்டோம். ஒன்று கருவி செத்திருக்கும். இல்லையென்றால் யாரோ அதைத் தானியக்கத்திலிருந்து எடுத்து, மேனுவலில் போட்டிருப்பார்கள். தலைமையகத்திலிருந்து விருந்தினர் வரும் நாட்களில் நாங்கள் அப்படிச் செய்வதுண்டு. அடங்காத இரண்டு மூன்று வால்வுகளைக் கையால் பிடித்து நிறுத்தி வைப்போம். கோடுகள் அழகாக ஓடும். விருந்தினர் பாராட்டிவிட்டுப் போனபின் பழையபடி விட்டுவிடுவோம்.

நான் என் மூச்சைப் பிடித்து வைத்திருந்தேன். மேலாக, சிறிது சிறிதாக, ஒரே அளவில் விட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு நல்ல கோடு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இல்லை.

"மேனுவல்ல போட்டுட்டேன்மா," என்று ஒப்புக்கொண்டு, அதன் பொருளையும் விளக்கினேன்.

அவர் சிரித்துவிட்டார். "அலமாக், ஐயய்யோ. ஆட்டோவுக்கு மாத்துங்க அங்கிள். எல்லாம் திரும்ப எடுக்கணும்."

மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் முறை எடுத்த பதிவு நெளிந்து நெளிந்து போயிற்று. அது போதும் என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு என் அருகில் குனிந்தார்.

"பலூன் ஊதறப்ப வலிக்கும். அது எல்லாருக்கும் தெரியும், அதுக்கு நாங்க ரெடியா இருப்போம். அதுக்கப்புறந்தான் கவனம். சில பேருக்கு அடைப்பு திறந்ததும் அந்த அடக்குற நரம்பு ரொம்பப் பலமா இழுத்து, இதயத் துடிப்பே கொறைஞ்சுடும். வலி இருக்காது. சொகமா இருக்கும், தூக்கம் வர்ற மாதிரி. கொட்டாவி வந்தாக்கூட சொல்லுங்க."

"கொட்டாவியா?"

"கொட்டாவிதான். பெரிய மானிட்டர்ல தெரியறதுக்கு முன்னாடியே சில பேருக்கு அது வந்துடும். என் பெட்டி சும்மா எழுதிக்கிட்டுத்தான் இருக்கும், அந்த நேரத்துல அத யாரும் பாக்கமாட்டாங்க. நீங்க வாயைத் தொறந்தாத்தான் எங்களுக்குத் தெரியும்."

சொல்வதாக அவரிடமும் வாக்குக் கொடுத்தேன்.

சிகிச்சை அறை குளிர்ந்திருந்தது. மனம் அமைதி பெற ஓர் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் கூரையின் விளக்குகளுக்கு ஓரம் இல்லாமல் போயிற்று. எக்ஸ்ரே கருவியின் பெரிய வெள்ளைக் கை என் மார்பின் மேலே மெல்ல வட்டமிட்டு, ஏதோ யோசிப்பதுபோல் நின்று, மறுபடி நகர்ந்தது. மணிக்கட்டில் ஒரு குத்தல். பின் ஒன்றும் இல்லை. குழாய்களைப் படத்தில் காட்டும் மருந்து உள்ளே சென்றபோது வெந்நீர் உடலெங்கும் பரவியது. தலையைத் திருப்பினால் என் இதயத்தின் குழாய்கள் திரையில் தெரிந்தன. ஆற்று முகத்துவாரத்தில் நீர் வற்றும்போது வெளிப்படும் அலையாத்தி வேர்களைப் போல் ஒரு கணம் கறுத்துத் தோன்றி, அடுத்த கணம் கரைந்துபோயின. இவ்வளவு அழகான ஒன்றை இத்தனை ஆண்டுகள் உள்ளே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேனா என்று வியந்தேன்.

"ஊதறேன்," என்றார் டாக்டர்.

வலி வந்தது. எனக்கு நன்கு பழகிய வலிதான்; ஆனால் இம்முறை அது என் மேல் உட்கார்ந்துகொண்டது. பத்துக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டார். ஏழு என்று எனக்குத் தெரியும். என் விரல் எங்கோ ஒரு பொத்தானைத் தேடி அழுத்தியதுபோல் இருந்தது.

"பரவாயில்ல டாக்டர். ரெண்டு."

அவர் என் சொல்லை நம்பினார். பலூன் இன்னும் சில விநாடிகள் விரிந்தே இருந்தது. என் நெற்றி நனைந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பிரவீனா நின்றிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தேன். மறுபடி கேட்டபோது மூன்று என்றேன். ஒரே ஓர் எண்ணைக் கூட்டிச் சொல்வதற்கே எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்தது.

பிறகு பலூன் சுருங்கிற்று. குழாயைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்கூட்டைப் பொருத்திவிட்டதாக டாக்டர் சொல்வது கேட்டது. வலி எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டது.

அது போன இடத்தில் ஒரு சுகம் வந்து அமர்ந்தது.

மானிட்டரின் ஒலி என் தலைக்குப் பின்னால் ஒலித்துக்கொண்டிருந்தது. கேட்கக் கேட்க அது தொழிற்சாலைப் பேருந்துகளாக மாறியது. மாசாய் சாலையோரம் நான் நின்றிருக்கிறேன். விடிந்து சற்று நேரம் ஆகியிருக்கிறது. காலை ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு நீலப் பேருந்துகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து பாசிர் கூடாங்குக்குப் போகின்றன. சன்னல்களில் தூங்கும் தலைகள் சாய்ந்திருக்கின்றன. பேருந்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றுபோல் இல்லை. நான் மூச்சை இழுக்கும்போது நெருங்கி வருகின்றன; விடும்போது சற்றுத் தயங்கி வருகின்றன. அந்தத் தயக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவற்றை யாரும் கையால் பிடித்து நிறுத்தி வைக்கவில்லை.

தயக்கம் நீண்டது. சாலை மழை பெய்தது போல் மின்னியது. ஆலையை ஒட்டிய நீரிணையின் கடல்நீர் ஒலியில்லாமல் ஏறி வந்து என் செருப்பை நனைத்தது. தூரத்தில் நிற்க வேண்டிய எண்ணெய்க் கப்பல்கள் சாலையின் மறுபக்கத்திலேயே நின்றன, தெருவில் கட்டி வைத்த மாடுகளைப் போல் சாதுவாக. நீர் வெதுவெதுப்பாக இருந்தது. உட்கார்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. உட்கார்ந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

அப்போது என் வாய் தானாகத் திறந்தது. பிரசங்கத்தின் நடுவில் செய்வதுபோல் உதடுகளை இறுக்கி அதை மூடினேன். மறுபடி திறந்தது. கொட்டாவி.

அது கொட்டாவி என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் தம் இரு கைகளாலும் என் இதயத்துக்குள் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு மனிதரிடம், எனக்குக் கொட்டாவி வருகிறது என்று எப்படிச் சொல்வது? அவருடைய வேலை எனக்குச் சலிப்பூட்டுகிறது என்றல்லவா ஆகும்? சொல்லி, அத்தனை பேரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கடைசியில் அது வெறும் கொட்டாவியாக இருந்துவிட்டால்? காத்திருப்போம் என்று நினைத்தேன். பத்தில் எட்டு தானாகவே அடங்கிவிடும்.

ஒரு பேருந்து வந்தது. வெகு நேரம் கழித்து வந்தது. சன்னல்களில் தலைகள் இல்லை. எல்லா இருக்கைகளும் காலியாக, விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டு, என்னைக் கடந்து போயிற்று.

அடுத்ததற்காகச் சாலையைப் பார்த்தேன். அது வரவில்லை. நீர் முழங்கால் வரை வந்திருந்தது. எனக்குப் பயமே இல்லை. அந்தப் பயமின்மையைத்தான் நான் கவனித்தேன். இருபத்தாறு ஆண்டுகளில் பயமே இல்லாமல் ஓர் அலாரத்தின் முன் நான் அமர்ந்ததில்லை. டோரிஸ் மட்டும் இங்கே நின்றிருந்தால் இந்த நீரைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள் என்று எண்ணினேன். என் நாக்கு வெகு தொலைவில், வேறு யாருடைய வாயிலோ இருந்தது. அதைத் தேடிப் பிடித்தேன்.

"மன்னிக்கணும் டாக்டர்," என்றேன். "கொட்டாவி வருது."

டாக்டரின் கை நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மானிட்டரைப் பார்த்தார். நிதானமான குரலில் மருந்தின் பெயர் ஒன்றைச் சொன்னார். செவிலியரின் கை அதற்குள் ஊசியை எடுத்துவிட்டது. நாற்பது, முப்பத்தாறு என்று யாரோ என் துடிப்பின் எண்களை வாசிப்பது கேட்டது. அந்த எண்களும் அழகாகத்தான் இருந்தன.

"அங்கிள், இருமுங்க," என்றார் டாக்டர். "நல்லா, பலமா."

வாயை மூடிக்கொள்ளக் கை வரவில்லை. இரண்டு கைகளும் துணிக்கு அடியில் இருந்தன. அப்படியே இருமினேன். சாலை குலுங்கிற்று. தலைமாட்டில் நின்ற மலாய்ச் செவிலியர் என் தோளைத் தட்டி, "பாத்தோக், பாக்சிக், லாகி," என்றார். இன்னும் இருமச் சொல்கிறார் என்று புரிந்து மீண்டும் இருமினேன். மீண்டும். ஒவ்வோர் இருமலுக்கும் நீர் ஒரு விரற்கடை இறங்கியது. பிறகு, தாமதமாக வந்ததற்கு வெட்கப்பட்டவை போல், பேருந்துகள் அடுத்தடுத்து முண்டியடித்துக்கொண்டு வந்தன. அறை குளிரத் தொடங்கியது. கூரை விளக்குகளுக்கு ஓரம் திரும்பிவிட்டது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

குளிர்கிறது என்றும், வயிற்றைப் புரட்டுகிறது என்றும், வலி இல்லை என்றும் சொன்னேன். கொஞ்சம் மூச்சு வாங்கியபின், "மொதல்ல ரெண்டுன்னு சொன்னது பொய் டாக்டர். ஏழு," என்றேன்.

முகமூடிக்கு மேலே அவர் கண்கள் என்னை ஒரு கணம் பார்த்தன. அடுத்த தடவை ஏழு என்றால் ஏழு என்றே சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

வார்டுக்குக் கொண்டுவந்தபின் பிரவீனா இறுதிப் பத்து நிமிடப் பதிவை எடுக்க வந்தார். இம்முறை நான் எதையும் பிடித்து வைக்கவில்லை. பலூன் ஊதிய நேரத்தின் பதிவை அவர் அதற்குள் பார்த்திருந்தார். இடைவெளிகள் அங்கே சிதறிக் கிடந்தன என்றார். "வாய் ரெண்டுன்னு சொல்லியிருக்கு. நரம்பு சத்தம் போட்டிருக்கு அங்கிள்," என்று சொல்லிவிட்டு, கருவியை என் மார்பிலிருந்து பிய்த்தெடுத்தார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியவனைக் கையமர்த்தினார்.

அவர் போனதும் டோரிஸ் உள்ளே வந்தாள். யாரோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும், கண்கள் சிவந்திருந்தன. ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது.

"வலிச்சுச்சா?"

ஒன்றும் இல்லை என்ற சொல் வழக்கம்போல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்க எனக்குச் சற்று நேரம் தேவைப்பட்டது.

"வலிச்சுச்சு," என்றேன். "ரொம்ப."

அவள் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதன்முதலில் எப்போது வந்தது என்று கேட்டாள். ஆலைத் தொட்டியின் இரும்புப் படிகளில் ஏறும்போது வந்ததைச் சொன்னேன். லாபிஸில் அவள் தம்பி கில்பர்ட்டின் மகள் திருமணத்தில், எல்லோரும் புகைப்படத்துக்கு நின்றபோது வந்ததைச் சொன்னேன். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன். அரிசி மூட்டையைக் காரிலிருந்து இறக்கியபோது வந்ததைச் சொன்னேன்.

"வேற?"

ஒரு வியாழக்கிழமை வேலையில், மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்ததையும், தூங்குகிறேன் என்று தங்கராஜு கேலி செய்ததையும், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டதையும் சொன்னேன்.

"வேற?"

"பயமா இருந்துச்சு, டோரிஸ். இனிமே கண்ட்ரோல் ரூம்ல என்னை விடமாட்டாங்கன்னு. டாக்டர்கிட்ட போயி ஒன்னுமில்லன்னு ஆயிட்டா சிரிப்பாங்கன்னு. ரெண்டுமே."

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தண்ணீர்க் குவளையை எடுத்துக் கொடுத்து, நான் குடித்து முடித்ததும் திரும்ப வாங்கி வைத்தாள்.

"இப்ப?" என்று கேட்டாள். "இப்ப எங்கயாவது வலிக்குதா?"

என் வலது மணிக்கட்டில், குழாயைச் செலுத்திய இடத்தில் இரத்தம் கசியாதிருக்கக் காற்றடைத்த ஒரு பட்டையைக் கட்டியிருந்தார்கள். அது இறுக்கிக்கொண்டிருந்தது. விரல்கள் ஊதாவாகி மரத்திருந்தன. ஆனால் வார்டில் ஒரே ஒரு செவிலியர்தான் இருந்தார். எதிர்க் கட்டிலில் இருந்த முதியவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"கை வலிக்குது," என்றேன். "பட்டை இறுக்குது."

"எவ்வளவு நேரமா?"

"அரை மணி நேரமா."

டோரிஸ் எழுந்தாள். எதிர்க் கட்டிலுக்குப் போய்ச் செவிலியரின் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைத் தான் வாங்கிக்கொண்டு, மலாயில் ஏதோ சொல்லி அவரை என்னிடம் அனுப்பினாள். செவிலியர் ஒரு சிறு ஊசிக்குழலைப் பட்டையில் பொருத்திக் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். விரல் நுனிகளில் ஆயிரம் எறும்புகள் ஓடின. இப்போது போதுமா என்று கேட்டார்.

போதும், மிக்க நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். எதிர்க் கட்டிலின் அருகே, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு டோரிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.